திரைப்படத்தின் பாயிரமும் உடுமலை நாராயணகவியும்

நூல் ஒன்று எழுந்தால் அதன் முகப்பில் பாயிரம் நிற்றல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண ஆசிரியர் கண்ட நெறி. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைப் பாயிரம் தாங்கி வர வேண்டும் என்று நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவர் பிறந்த ஊர் என்று கொங்கு நாட்டார் போற்றுவர். மாளிகைக்கு ஓவியம் போலவும் மாநகருக்குக் கோபுரம் போலவும் நூலுக்கு முன்னே பாயிரம் அமைந்து அழகு தர வேண்டும் என்பது அம்மரபின் கருத்து. எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரே முதலில் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய திரைப்படத்துக்கும் இத்தகைய பாயிரம் ஒன்று வாய்த்தது. சிற்றூர் மக்கள் அதை எழுத்துப் போடுவது என்றனர். நகரத்தார் டைட்டில் என்றனர். தணிக்கைச் சான்றிதழ், தயாரித்த நிறுவனத்தின் இலச்சினை, படத்தின் பெயர், நடிகர் நடிகையர், கதை வசனம், பாடல்கள், இசை, ஒளிப்பதிவு, இறுதியில் இயக்குநர் என்று அதற்கும் ஒரு வைப்புமுறை உருவாயிற்று. எழுத்துப் போடுவதற்குள் கொட்டகைக்குள் போய்விட வேண்டும் என்ற ஆவலோடு வரப்புகளில் ஓடி வந்த தலைமுறைகள் கொங்கு நாட்டில் வாழ்ந்தன. அந்தப் பாயிரத்தில் சில நொடிகள் தோன்றி மறைந்த பெயர்களுள் ஒன்று உடுமலை நாராயணகவி. பாட்டுக் கட்டுவோனின் பெயர் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், இல்லாமற்போனால் என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு அவர் வாழ்க்கையே ஒரு பாடமாக அமைந்தது.

நாராயணசாமி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூளவாடியில் கிருஷ்ணசாமி, முத்தம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மேட்டு நிலம் அது. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமையனின் ஆதரவில் வளர்ந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. தீப்பெட்டிகளைச் சுமந்து சென்று சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் விற்று நாட்களைக் கழித்தார். ஏட்டுக் கல்வி தராததை ஊர்த் திருவிழாக்கள் தந்தன. ஒயில் கும்மியின் அடிவைப்பும் உடுக்கடிப் பாட்டின் ஏற்ற இறக்கமும் தம்பட்டத்தின் தாளமும் அவர் செவியில் படிந்தன. பிற்காலத்தில் எந்த மெட்டைக் கொடுத்தாலும் அதற்குள் எளிய சொல்லைப் பிசிறின்றி உட்காரவைக்கும் ஆற்றல் அவருக்குக் கைகூடியதென்றால் அதன் வித்து இந்தக் கும்மிக் களத்தில் விழுந்ததே.

உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய திறமையைக் கண்டு மாணவராக ஏற்றுக்கொண்டார். ஆசான் வழியே நாடக உலகம் திறந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துச் சென்ற நாடகப் பாட்டு மரபில் அவர் தோய்ந்தார். யாப்பையும் சந்தத்தையும் முறையாகக் கற்றார். நாட்டு விடுதலைக் கிளர்ச்சி பரவிய காலத்தில் தேசியப் பாடல்களை எழுதி மேடைகளில் முழங்கினார். திருப்பூர் கதர் உற்பத்தியின் பெருங்களமாக விளங்கிய காலம் அது. 1932இல் குமரன் அவ்வூர் வீதியில் அடிபட்டு உயிர் துறந்தார். அந்தச் சூழலில் பாட்டு என்பது பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று, கூட்டத்தை எழுப்பிவிடும் கருவியும் ஆகும் என்பதை நாராயணகவி கண்கூடாகக் கண்டார்.

அவர் பயின்ற மரபில் பாட்டுக்கும் பாடியோனுக்கும் உள்ள உறவு இன்றைய உறவைப் போன்றதன்று. பதங்களிலும் கீர்த்தனைகளிலும் இறுதி அடிகளில் ஆசிரியர் தம் முத்திரையைப் பதித்து வைப்பர். தியாகராசர் தம் பெயரையே முத்திரையாக்கினார். முத்துசாமி தீட்சிதர் குருகுகன் என்ற பெயரைக் கொண்டார். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் தம் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். பாடுவோர் மாறலாம், ஊர் மாறலாம், நூற்றாண்டே மாறலாம். பாட்டு எங்கே ஒலித்தாலும் அதைக் கட்டியவன் பெயரும் உடன் ஒலிக்கும். அச்சுப் புத்தகம் இல்லாத இடத்திலும், எழுத்தறியாதவர் வாயிலும் அந்தப் பெயர் அழியாது. முத்திரை என்பது பாட்டின் உடலோடு ஒட்டிய பாயிரம்.

திரைப்படம் இந்த உறவை அறுத்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் காளிதாஸ் வெளிவந்தது முதல் பாட்டே தமிழ்ப் பேசும்படத்தின் உயிராக விளங்கியது. எனினும் திரையில் பாடுகிறவன் ஒரு பாத்திரம். காதலனோ பிச்சைக்காரனோ குடியானவனோ பாடும் பாட்டில் பூளவாடிக் கவிஞரின் பெயர் நுழைய வழியில்லை. முத்திரை பாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்து அட்டை. கறுப்பு அட்டையில் வெள்ளை வண்ணத்தால் ஓவியர் கையால் எழுதிய எழுத்துகளைப் படமெடுத்து, ஒன்று மங்க மற்றொன்று தோன்றுமாறு இணைத்து, பின்னணியில் வாத்திய இசையை ஓடவிட்டுப் பட முகப்பை அமைத்தனர். தொடக்கக் காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் இந்தப் பெயர்ப் பட்டியல் ஆங்கிலத்திலேயே இருந்தது. தமிழில் பாட்டெழுதியவரின் பெயர் தமிழ் மக்கள் முன் அயல் எழுத்தில் தோன்றிய விந்தை அது.

1930களில் திரையுலகில் நுழைந்த நாராயணகவி இந்தப் புதிய ஏற்பாட்டுக்குள்தான் வாழ வேண்டியிருந்தது. அவர் செய்த ஒரு செயல் கவிராயர் மரபுக்கு இயல்பானது. திரைக்கோ பெரும் பொருள் தந்தது. தம் பெயருக்கு முன் ஊர்ப் பெயரை வைத்தார். பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு, தஞ்சை ராமையாதாஸ், உடுமலை நாராயணகவி, பின்னர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று அந்தக் காலத்துப் பெயர் அட்டைகளைத் தொகுத்தால் தமிழ்நாட்டின் நிலப்படம் ஒன்று விரியும். அரசர்க்கும் அரண்மனைக்கும் ஒதுக்கப்பட்டிருந்த திரையில் ஒரு சந்தை ஊரின் பெயர் ஏறியது. உடுமலைப்பேட்டையைக் கண்டறியாத நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்தாரும் அந்த ஊர்ப் பெயரைத் திரையில்தான் முதலில் படித்தனர் எனலாம்.

படித்தனர் என்ற சொல்லைச் சற்று நிறுத்தி எண்ணுதல் வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிந்தவர். கீற்றுக் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர்க்கு அந்த எழுத்துகள் கோலங்களே. கூட்டத்தில் படிக்கத் தெரிந்த சிறுவன் உரக்கப் படித்துச் சொன்னால் உண்டு; இல்லையேல் பின்னணி இசை ஒன்றே அவர்களுக்குப் பாயிரம். ஆயினும் அந்தச் சில நிமிடங்கள் வீண் போகவில்லை. வெளியே ஒலிபெருக்கி ஓய்ந்து, விளக்கு அணைந்து, பீடி நெருப்பும் குழந்தை அழுகையும் அடங்கி, அன்றாட உலகிலிருந்து கதை உலகுக்குள் மனம் அடியெடுத்து வைப்பதற்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலையை எழுத்து அட்டைகள் ஏற்றுக்கொண்டன. வந்திருப்போரை அமைதிப்படுத்துவது, நிகழவிருப்பது இன்னதென உணர்த்துவது, அதை நிகழ்த்துவோர் யாவர் என அறிவிப்பது ஆகிய மூன்றும் பட முகப்பின் பயன்கள். முதல் இரண்டும் எழுத்தறியாதவர்க்கும் கிட்டின. மூன்றாவது கிட்டவில்லை. பாட்டாசிரியனுக்கு இன்றியமையாதது அந்த மூன்றாவதே.

இதன் விளைவை நாராயணகவி பெற்ற பெரும்புகழிலேயே காணலாம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு அவர் கொண்ட நட்பு தமிழ்த் திரை வரலாற்றில் தனி இடம் பெற்றது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944ஆம் ஆண்டு இறுதியில் கைதான கலைவாணர், 1947ஆம் ஆண்டு விடுதலை பெற்று மீண்டும் கலைத்தொண்டில் இறங்கினார். அண்ணாவின் எழுத்தில் 1949இல் வெளிவந்த நல்லதம்பி படத்தில் கிந்தனார் கதாகாலட்சேபத்தை அவர் நிகழ்த்தினார். அதை இயற்றியவர் நாராயணகவி. நந்தனார் இறைவனைத் தேடிச் சிதம்பரம் போனார். கிந்தனோ கல்வியைத் தேடி ரயிலேறிப் பட்டணம் போகிறான், படித்து உயர்ந்து ஊர் திரும்புகிறான். பழைய காலட்சேபத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளீட்டைச் சமூக நீதியாக மாற்றிய அருஞ்செயல் அது. நந்தனாரைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு ஒவ்வொரு திருப்பமும் இருமடங்கு சுவை தந்தது.

ஆனால் நந்தனார் சரித்திரம் இன்றும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் என்றே வழங்குகிறது. கிந்தனாரோ கலைவாணரின் கிந்தனார் ஆயிற்று. முன்னதில் ஆசிரியன் பெயர் பாட்டுக்குள் இருந்தது. பின்னதில் பட முகப்பில் இருந்தது. மக்கள் உள்ளத்தில் நிலைத்தது குரலும் முகமும். கலைவாணர் மேல் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. தம்மைச் சூழ்ந்த கலைஞரைப் போற்றிய பெருந்தகை அவர். குறை ஊடகத்தின் இயல்பில் இருந்தது. பாட்டைப் பாடுபவனின் உடைமையாகக் காட்டுவதே திரையின் மாயம். அந்த மாயம் முற்றும் வெற்றி பெறும் இடத்தில் பாட்டாசிரியன் முற்றும் மறைகிறான். தன் வெற்றியே தன்னை மறைக்கும் தொழிலை நாராயணகவி மேற்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர் அப்போது திரைப்படத் தொழிலின் பெருநிலையமாக இருந்தது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் அங்கே இயங்கின. ஜூபிடர் நிறுவனத்தின் வேலைக்காரி (1949) அங்கே உருவானது. அதற்கும் நாராயணகவி பாட்டெழுதினார். பக்தியிலும் தேசியத்திலும் தொடங்கிய அவருடைய எழுத்து, சமுதாயச் சீர்திருத்தத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பிய காலம் அது. பகுத்தறிவுக் கவிராயர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் வெளியான பராசக்தியில், பகிர்ந்துண்ணும் காக்கையைப் பசித்த மனிதனின் பார்வையில் வைத்து அவர் எழுதிய பாட்டைத் தமிழகம் முழுவதும் பாடியது. அப்படத்தில் பாரதியார், பாரதிதாசன் பாடல்களும், மு. கருணாநிதி உள்ளிட்ட வேறு சிலர் எழுதியவையும் இடம்பெற்றன.

ஒரே படத்தில் பலர் பாட்டெழுதுவது அக்கால வழக்கம். பாடல்கள் என்ற தலைப்பின் கீழ் நான்கைந்து பெயர்கள் ஒன்றாகத் தோன்றி ஒன்றாக மறையும். எந்தப் பாட்டு எவருடையது என்று அட்டை சொல்லாது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் பலவும் இந்த மயக்கத்தை நீக்கவில்லை. ஒருவர் எழுதிய பாட்டு மற்றொருவர் பெயரில் வழங்குவதும், உரிமை பற்றி ஆய்வாளர் வாதிடுவதும் இன்றுவரை தொடர்வதற்கு இதுவே காரணம். நூலாசிரியன் பெயரை முதலில் வைத்த பாயிர நெறி இங்கே பாதிதான் நிறைவேறியது.

1955ஆம் ஆண்டு இரு வேறு நிலங்களில் இரண்டு நிகழ்ந்தன. அமெரிக்காவில் சால் பாஸ் என்னும் ஓவியர், தங்கக் கை மனிதன் என்ற பொருள்படும் தலைப்புடைய படத்துக்கு வெட்டிய காகித வடிவங்கள் போன்ற வெண்கோடுகளால் முகப்பு அமைத்தார். அதுவரை எழுத்து ஓடும்போது திரைச்சீலையை மூடியே வைத்திருந்த கொட்டகைகள் அங்கே பல. அப்படத்தின் எழுத்துத் தொடங்குமுன் திரைச்சீலையை விலக்க வேண்டும் என்று படச்சுருள் பெட்டியிலேயே அறிவிப்பு ஒட்டப்பட்டது. பட முகப்பு பார்ப்பதற்குரிய ஒரு கலை என்று உலகம் ஒப்புக்கொண்ட தருணம் அது. அதே ஆண்டில் தமிழில் முதல் தேதி வந்தது. மாதச் சம்பளக்காரனின் வாழ்வை, இருபதாம் நாள் வரை களிப்பு, அதன்பின் திண்டாட்டம் என இரண்டாக வகுத்து நாராயணகவி எழுதிய பாட்டைக் கலைவாணர் பாடினார். சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம் வாங்கும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளிக்கும் அப்பாட்டின் கணக்குப் பொருந்தும். இருபது நாள் என்பது அவருக்கு மூன்று நாள், அவ்வளவே வேறுபாடு.

தமிழ்த் திரையின் முகப்பு அமெரிக்க வழியில் செல்லவில்லை. அதற்கென்று ஓர் அழகு இருந்தது. ஊதுகுழல் ஏந்திய ஜெமினியின் இரட்டைக் குழந்தைகளைக் கண்டதும் சிற்றூர்ச் சிறுவர் கைதட்டினர். 1958இல் நாடோடி மன்னன் வந்தபோது, ஆணும் பெண்ணும் கொடி ஏந்தி நிற்கும் எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் இலச்சினை, கதை தொடங்குமுன்பே ஓர் இயக்கத்தை அறிவித்தது. முகப்பின் சில நிமிடங்கள் பார்வையாளனிடம் எவ்வளவு பேச இயலும் என்பதற்கு இவை சான்று. ஆனால் காலம் செல்லச்செல்ல அந்த நிமிடங்கள் நாயகன் பெயரைச் சுற்றியே வளர்ந்தன. 1992இல் அண்ணாமலை படத்தில் நாயகனின் பட்டம் ஒளிப்புள்ளிகளால் ஓரெழுத்து ஓரெழுத்தாகத் தோன்றியபோது அரங்குகள் அதிர்ந்தன. அந்த ஆரவாரத்தின் எதிரொலி அடங்குமுன் பாட்டாசிரியர் பெயர் வந்து போகும் வழக்கம் இன்றும் மாறவில்லை.

கலைவாணர் 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் மறைந்தார். தம் சொல்லுக்கு வாய்த்த குரலை நாராயணகவி இழந்தார். தூக்குத் தூக்கி, மதுரை வீரன் போன்ற படங்களால் பெயர் பெற்றிருந்த அவர், தெய்வப்பிறவி, விவசாயி போன்ற படங்கள் வழியே அடுத்த தலைமுறையின் செவிகளையும் எட்டினார். பட்டுக்கோட்டையார், மருதகாசி, கண்ணதாசன் என்று புதிய ஆற்றல்கள் எழுந்தன. அவர்களிடையே கவிராயர் என்ற மதிப்புச் சொல்லுக்கு உரியவராக அவர் இருந்தார். கலைமாமணி விருது அவரைத் தேடி வந்தது. 1981ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தம் 81ஆம் வயதில் காலமானார்.

ஆக்கியோன் பெயர் பற்றிய கேள்வி அவருக்குப் பின்னரும் ஓயவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், உரிமையை விற்ற பின்னும் இது என் படைப்பு என்று கூறும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என ஏற்றுக்கொண்டது. திரைப்பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகையில் கைவிட இயலாத பங்கைத் தந்த திருத்தம் 2012இல்தான் வந்தது. இதற்கிடையில் பட முகப்பே சுருங்கிவிட்டது. தொலைக்காட்சிகள் எழுத்துப் பகுதியை வெட்டின. இணையவழித் திரைகளில் அதைத் தாண்டிச் செல்லப் பொத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டைத் தனியே கேட்பவர்க்குப் பாடியவர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் கண்முன் நிற்கின்றன. எழுதியவர் பெயரைத் தேடிக் காண வேண்டியிருக்கிறது. முத்திரையைப் பாட்டுக்குள்ளிருந்து வெளியேற்றிய ஊடகம், வெளியே தந்த இடத்தையும் மெல்ல எடுத்துக்கொண்டது.

பனியன் நகரத்தார்க்கு இந்த நிலை புதிதன்று. வெட்டுபவர், பவர் டேபிளில் தைப்பவர், பிசிறு நீக்குபவர், தேய்த்து மடிப்பவர் என்று பல கைகள் கடந்து ஓர் ஆடை கப்பலேறும்போது அதன் கழுத்தில் தைக்கப்படுவது அயல்நாட்டு வணிகப் பெயர். கழுத்துப் பட்டியில் ஆக்கியோன் பெயர் இல்லை. இருப்பினும் தையலின் நேர்த்தியைக் கண்டு இது திருப்பூர்ச் சரக்கு என்று சொல்லிவிடும் கண்கள் உண்டு. நாராயணகவியின் பாட்டையும் அவ்வாறு அறியலாம். பேச்சுச் சொல் யாப்பில் நின்று பிறழாத கட்டுக்கோப்பு, கும்மியின் நடை, கடுஞ்செய்தியை நகைச்சுவையில் பொதிந்து தரும் பாங்கு ஆகியவை அவர் பெயர் எழுதாமல் பதித்த முத்திரைகள். அவற்றைக் கண்டுகொள்ளும் செவிகள் பெருகினால் அட்டை இல்லாமலும் அவர் பெயர் வாழும். செவிகளோ தாமாகப் பெருகுவதில்லை. பாட்டு ஒலிக்கும் இடந்தோறும் எழுதியவர் பெயரைச் சொல்லிப் பழக்கினால்தான் பெருகும். கவிஞர்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய மிக எளிய உதவியும் அதுவே.

2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. உடுமலைப்பேட்டையில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் நிற்கிறது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவை மாவட்டத்திலிருந்த உடுமலைப்பேட்டை இதனோடு சேர்ந்தது. மாவட்டம் மாறியும் அவர் தம் பெயருக்கு முன் வைத்த ஊர்ப்பெயர் மாறவில்லை. பழைய படம் ஒன்று எங்கேனும் முழுமையாக ஓடும்போது, பாடல்கள் என்ற சொல்லின் கீழ் அந்த ஊர்ப்பெயர் மூன்று நொடி தோன்றுகிறது. அந்த மூன்று நொடிகளுக்காகப் படத்தைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்பது, ஒரு கவிஞனுக்கு மற்றொரு கவிஞன் எழுந்து நின்று செலுத்தும் வணக்கத்துக்கு ஒப்பாகும்.